நான் ஒரு கதைகூட வெளியிட்டதில்லை, எழுத்து வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா,

நான் ஒரு சிறிய கல்லூரியில் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். துறையில் நாங்கள் மூன்று பேர்தான். இந்த ஆண்டு படைப்பெழுத்துக்கென்று ஒரு புதிய தாள் வந்தது. மூவரில் இளையவள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் பதினான்கு பேர். நான் இதுவரை ஒரு கதையோ கவிதையோ வெளியிட்டதில்லை. எந்தத் தகுதியில் அவர்கள் முன்னால் நிற்கிறேன் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மூத்த பேராசிரியரோ, எழுத்து சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். போன மாதம் ஒரு மாணவி தன் அப்பாவைப் பற்றி ஒரு கதை எழுதி வாசித்தாள். ஆளுக்கு ஒரு குறை சொன்னார்கள். நானும் இரண்டு சொன்னேன். இப்போது அவள் வகுப்புக்கு வருகிறாள், ஆனால் எழுதுவதில்லை. மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதும் தெரியவில்லை. இந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்பதைக் கவனித்து, அதற்கு உங்கள் பங்கு என்ன என்று யோசிக்கிறவர் கையில்தான் இந்தத் தாள் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் நானும் ஒரு சிறிய கல்லூரியில் இலக்கியத்தையும் எழுத்தையும் சேர்த்து நடத்தினேன். காலையில் ஒரு வகுப்பு, மதியம் இன்னொன்று, இரண்டிலும் அதே முகங்கள். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தகுதிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் இளைஞராக இருந்தபோது கலிபோர்னியாவில் சிக்கோ ஸ்டேட் கல்லூரியில் ஓர் எழுத்து வகுப்பில் சேர்ந்தார். 1959ஆம் ஆண்டு வாக்கில். வகுப்பை நடத்தியவர் ஜான் கார்ட்னர். அப்போது கார்ட்னரின் ஒரு நாவல்கூட வெளிவரவில்லை. முதல் நாவல் வர 1966 ஆனது. எழுதியவை எல்லாம் கைப்பிரதிகளாக அவருடைய அறையில் பெட்டிகளில் கிடந்தன. ஆனாலும் தனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்று கார்வர் பின்னால் நன்றியோடு எழுதியது அவரைப் பற்றித்தான். வீட்டில் எழுத இடமில்லாத கார்வருக்குத் தன் அலுவலக அறைச் சாவியைக் கொடுத்தார் கார்ட்னர். பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு கதை கேட்டார். அந்த ஒன்றைப் பத்து முறை வரைகூடத் திருத்த வைத்தார். வரிவரியாகக் கூடவே உட்கார்ந்து படித்தார்.

வெளிவந்த புத்தகம் அங்கே தேவைப்படவில்லை பாருங்கள். ஒரு மாணவனின் வரியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு படிக்கும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அந்த வேலையை நீங்கள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு பாடலில் எந்தச் சொல் பாரத்தைத் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்பதைத்தானே இத்தனை ஆண்டுகள் காட்டி வந்தீர்கள்? அதே கண்ணை, இன்னும் எழுதி முடியாத ஒரு பிரதியின் மேல் திருப்புங்கள். பழகப் பழக, முடிந்த பாடலைவிட முடியாத கதைக்கு அந்தக் கண் இன்னும் அதிகம் தேவைப்படுவது தெரியும்.

இரண்டு வகுப்பையும் ஒன்றோடொன்று கட்டுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இலக்கியம் ஒரு கட்டடத்திலும் எழுத்து இன்னொரு கட்டடத்திலும் இருக்கும். உங்களுக்கு அந்தச் சுவர் இல்லை. நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டு உங்களுக்குத் தெரியும். அவன் என்னோடு இருந்தபோது அங்கே வேறு யாருமில்லை, அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம் நினைவுக்கு வந்ததுபோல, ஒரு குருகு, நீர்ப்பறவை, இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால் கொண்ட குருகு, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த குருகு.

காலை வகுப்பில் இந்தப் பாட்டைக் கொடுக்கும்போது புலவர் பெயரையும் 'தலைவி கூற்று' என்ற குறிப்பையும் மறைத்துவிடுவேன். கூற்றுக் குறிப்புகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவைதானே, பாட்டே அவற்றைச் சொல்லட்டும். பேசுவது யார், கேட்பது யார், ஏன் இப்போது பேசுகிறாள் என்று மட்டும் கேட்பேன். கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் இப்படித்தான் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதைச் சேர்த்து 1929இல் நூலாக்கினார். பெயர் இல்லாதபோது மாணவர்கள் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். தடுமாறட்டும், அந்தத் தடுமாற்றத்தில்தான் வரியை மறுபடி படிக்கிறார்கள்.

மதிய வகுப்பில் அதே மாணவர்களிடம் ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். ஒருவர் சொல்வது உண்மை, ஆனால் அதை உறுதிப்படுத்த யாருமில்லை. கூட இருந்த ஒரே சாட்சிக்குப் பேச்சு வராது. அந்தச் சாட்சி எதுவாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு இவர்கள் விஷயத்தில் அக்கறை இருக்கக்கூடாது. இவ்வளவுதான் விதி. அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் கண்டுபிடிப்பதை எந்த விரிவுரையாலும் கொடுக்க முடியாது. 'அவள் மிகவும் தனிமையாக உணர்ந்தாள்' என்ற வரி தேவையில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குருகு மீனைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர்கள் காலையிலேயே பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தைத் தோழியின் கூற்றாக மாற்றச் சொல்லுங்கள். யார் சொல்கிறார் என்பது மாறினால் கதையில் என்னென்ன மறைகிறது, என்னென்ன புதிதாகத் தெரிகிறது என்பது புரியும். கூற்று (யார் பேசுவது), முதல் (இடமும் பொழுதும்), கரு (அங்குள்ள பறவை, மரம் போன்றவை), உரி (மனத்தின் உணர்வு) எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சொற்களாகக் கிடக்கின்றன. எழுதுகிறவர் கைக்கு அவை நேராகப் பயன்படும் கருவிகள். எந்தப் பொழுது, எந்த இடம், அங்கே என்ன பறவை, என்ன ஓசை, அதற்கும் மனத்தில் உள்ளதற்கும் என்ன உறவு என்று கேட்டால் ஒரு மாணவனின் மங்கலான கதை எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்று பாருங்கள்.

மூத்த பேராசிரியரோடு வாதிட வேண்டாம். 'காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்' என்று பழமொழியே இருக்கிறதே, அவருடைய சலிப்பு பழையது. ஆனால் அந்தப் பழமொழியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. காரிகை என்பது யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூல், அதைக் கற்றுத்தான் கவி பாடினார்கள். செய்யுள் இயற்றப் பழகுவது ஒரு காலத்தில் படிப்பின் பகுதி. படிப்பது ஒரு துறை, எழுதுவது ஒரு வரம் என்று பிரித்தது பிற்பாடு. எனவே அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். ஒரு மணி நேரம் வந்து வெண்பா எப்படிக் கட்டுவது என்று உங்கள் பதினான்கு பேருக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள். தளை தட்டும்போது, அதாவது சீர்கள் இலக்கணப்படி இணையாதபோது, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைப்பாரே, அதை மாணவர்கள் பார்க்க வேண்டும். மாற்றி எழுதுவது என்றால் என்ன என்பதற்கு அதைவிடக் கண்கூடான பாடம் கிடையாது. மேதையை யாராலும் உண்டாக்க முடியாது என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தத் தாள் அதற்காக வைக்கப்பட்டது இல்லையே.

இப்போது அந்த மாணவி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கதையைப் பிரித்துப் பேசும் முறை அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையிலிருந்து பரவிய பழக்கம். அந்தப் பட்டறை 1936இல் தொடங்கியது. அந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. எழுதியவர் குறுக்கே விழுந்து விளக்கினால், பிரதி தானாக என்ன சொல்கிறது என்பது தெரியாமல் போகும். ஆனால் முதல் கதையை நடுங்கும் குரலில் வாசித்து முடித்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த மௌனம் வேறு மாதிரி இருக்கும். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் தன் கலைக்காக ஒரு வரிசையை வகுத்தார். எழுத்து வகுப்புகளுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதன் பிறகு மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக்கூடாது. 'ஏன் இவ்வளவு இழுத்தாய்?' என்பது கேள்வி இல்லை. 'அப்பா கதவருகே எவ்வளவு நேரம் நிற்கிறார்?' என்பது கேள்வி. கடைசியில்தான் கருத்து. அதுவும், 'உன் முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்கிறாயா?' என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

முதலில் இது செயற்கையாகத் தெரியும். மூன்றாவது வாரத்தில் பழகிவிடும். எழுதியவரே தன் சந்தேகத்தைக் கேட்கும் அந்த இரண்டாவது படியை மட்டும் எக்காரணத்திலும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மாணவர்களுக்குத் தங்கள் கதையில் எங்கே தளர்ச்சி என்று தெரியும். அதைத் தாங்களே கேட்டுப் பெறும்போது அது அவமானமாவதில்லை.

குறை சொல்லப் பொதுவான சொற்களும் வேண்டும். 'நல்லா இருக்கு', 'எனக்குப் பிடிக்கலை' இரண்டாலும் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்களை நான் கரும்பலகையில் எழுதி வைப்பேன். அவை இலக்கண நூல்களுக்காகச் சொல்லப்பட்டவை, கதைக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். 'மயங்க வைத்தல்', அதாவது பொருள் ஐயப்படும்படி சொல்வது, சில கதைகளில் குணமாகவே இருக்கும், அதைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்க விவாதித்திருக்கிறோம். ஆனால் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (இடையில் வேறொன்றை விரித்துப் பேசுதல்), சென்று தேய்ந்து இறுதல் (போகப்போக வலுவிழந்து முடிதல்) ஆகிய நான்கும் இளம் எழுத்தாளர்களின் முதல் வரைவுகளுக்கென்றே செய்துவைத்ததுபோல இருக்கும். 'இந்தக் கதை மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு சென்று தேய்கிறது' என்று ஒரு மாணவன் சொல்லும்போது பேச்சு கதையைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. எழுதியவளின் மேல் அது போய் விழுவதில்லை.

இனி, சிறிய கல்லூரிக்கே உரிய ஓர் ஆபத்து. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாணவன் எழுதிய கவிதை எனக்கு மிகவும் பிடித்துப்போய், அவனிடம்கூடக் கேட்காமல் வகுப்பில் உரக்க வாசித்தேன். அது யாரைப் பற்றியது என்று அறையில் எல்லோருக்கும் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. இன்றும் அந்தக் காலி இருக்கை நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். வகுப்பில் இருப்பவரோ கல்லூரியில் இருப்பவரோ அடையாளம் தெரியும்படி எழுதிய எதுவும் வகுப்பில் வாசிக்கப்படாது. எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் அவர் பிரதி யார் கைக்கும் போகாது. பேசும்போது 'நீ', 'உன் அப்பா' என்ற சொற்கள் வராது, 'கதைசொல்லி', 'கதையில் வரும் அப்பா' என்றுதான் பேச வேண்டும். மூன்றாவது சின்ன விஷயமாகத் தோன்றும். உங்கள் மாணவிக்கு அன்று அது கிடைத்திருந்தால் பாதி வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு பிரதியில் உண்மையான துன்பத்தின் அடையாளம் தெரிந்தால், அடி, மிரட்டல், உயிரை விட்டுவிடும் எண்ணம் இப்படி எதுவாக இருந்தாலும், அதை இலக்கியமாக மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அன்றே தனியாகக் கூப்பிட்டு, 'இதைப் படித்ததும் நீங்கள் நலமா என்று கேட்கத் தோன்றியது' என்று நேராகக் கேளுங்கள். கற்பனை என்றால் சொல்வார்கள், கேட்டதில் ஒன்றும் கெட்டுப்போகாது. உண்மை என்றால், மனநல ஆலோசகர் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்த வேலை தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாமல் போகலாம். எதை ரகசியமாக வைத்திருப்பேன், எதை வைத்திருக்க முடியாது என்பதைப் பருவத்தின் முதல் நாளே வகுப்புக்குச் சொல்லிவிடுவது நல்லது.

மதிப்பெண் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். திறமைக்கு மதிப்பெண் போட முயன்றால்தான் சிக்கல். நான் நூற்றுக்கு நாற்பதைத் திருத்தங்களுக்கு வைத்தேன். முதல் வரைவு, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் சேர்ந்து வர வேண்டும். எதை ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். இருபது, படித்த கதைகளையும் பாடல்களையும் எழுதுகிறவர் கண்ணோடு பார்த்த குறிப்புகளுக்கு. இருபது, மற்றவர் பிரதியை எவ்வளவு கவனமாகப் படித்தார் என்பதற்கு. மீதி இருபதுதான் கடைசிப் பிரதியின் தரத்துக்கு. உங்கள் கல்லூரி விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதில் ஒரு நன்மை, முதல் நாளிலேயே அழகாக எழுதுகிறவனும் மெதுவாக வருகிறவளும் ஒரே அளவு உழைக்க வேண்டியிருக்கும்.

திருத்தும்போது கார்ட்னரின் வழக்கம் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சிலவற்றை அவர் அடித்துவிடுவார், அவற்றில் பேச்சுக்கு இடமில்லை. சிலவற்றைச் சுற்றி அடைப்புக்குறி மட்டும் போடுவார், அவற்றை உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். நான் அடித்தவற்றை எழுத்துப்பிழை, பொருள் குழப்பத்தோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் அடைப்புக்குறிக்குள்தான், கடைசி முடிவு மாணவருடையது. எல்லாப் பிரதியிலும் எல்லாவற்றையும் குறிக்கவும் வேண்டாம். மூன்று இடங்களுக்கு மேல் குறித்தால் ஒரு பக்கம் சிவந்துவிடும், சிவந்த பக்கத்தை யாரும் திரும்பிப் படிப்பதில்லை. பதினான்கு பேரின் பிரதிகளையும் ஒரே வாரத்தில் வகுப்பில் எடுக்க முயலாதீர்கள். வாரம் இரண்டு போதும்.

நீக்கப்படுவது அவமானம் இல்லை என்று மாணவர்கள் நம்ப வேண்டுமானால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். டி. எஸ். எலியட்டின் 'வேஸ்ட் லேண்ட்' என்ற நெடுங்கவிதை 1922இல் வெளிவந்தது. அதன் வரைவுகள், அவருடைய நண்பரான கவிஞர் எஸ்ரா பவுண்ட் அடித்துத் தள்ளிய கோடுகளோடு, 1971இல் அச்சாயின. அதில் நான்கு பக்கம் போதும். பிரதி கிடைத்தால் ஒரு வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். அதைவிட நன்றாக வேலை செய்வது ஒன்று உண்டு. உங்கள் பிரதி. வெளியிடாவிட்டால் என்ன, எழுதியது ஏதாவது இருக்குமே? இல்லையென்றால் இந்த வாரம் குருகுப் பயிற்சியை நீங்களும் செய்யுங்கள். புதிய முறையில் நடக்கும் முதல் வகுப்பில் உங்கள் பக்கத்தையே வையுங்கள். அவர்கள் கேட்கும்போது கைகள் எப்படி நடுங்குகின்றன என்று நீங்களும் அனுபவியுங்கள். அதை மாணவர்கள் பார்ப்பார்கள், அந்தப் பெண்ணும் பார்ப்பாள்.

அவளிடம் உடனே 'ஏன் எழுதவில்லை?' என்று கேட்க வேண்டாம். உங்கள் பக்கத்தை வைத்த வகுப்பு முடிந்த பிறகு, அவளுடைய கதையை இன்னொரு முறை தனியாகப் படியுங்கள். இந்த முறை குறையைத் தேடாமல், அவளைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு வரியைத் தேடுங்கள். அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், நான் படித்த மோசமான வரைவுகளில்கூட இருந்தது. அதன் கீழே பென்சிலால் கோடிடுங்கள். அவளைக் கூப்பிட்டு, அன்று வகுப்பை நடத்திய விதத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். பிறகு அந்த வரியைக் காட்டி, 'இதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?' என்று கேளுங்கள். பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பிரதியை அவளிடமே கொடுத்துவிடுங்கள், திரும்பக் கொண்டுவர நாள் எதுவும் குறிக்காமல்.

அன்புடன்.